செந்தேள் கொட்டிய ஆறு வயதுச் சிறுமி: சில்லிட்ட கையும் ஏறியிருந்த ரத்த அழுத்தமும்

பின்னணி

வட தமிழகத்தில் ஒரு தாலுகா அரசு மருத்துவமனையின் அவசரப் பிரிவில் நடந்தது இது. அன்று இரவுப் பணியில் இருந்த ஒரே டாக்டர் நான். குழந்தையின் பெற்றோரிடம் கேட்டு, அவர்கள் சரி என்ற பிறகே எழுதுகிறேன். ஊர், நாள் இரண்டையும் விட்டுவிட்டேன். நேரங்களும் எண்களும் கேஸ் ஷீட்டில் உள்ளபடி.

எங்கள் மருத்துவமனையில் இரவில் ஒரு டாக்டர், இரண்டு சிஸ்டர்கள், ஓர் உதவியாளர். மருந்தகம் சாயங்காலம் பூட்டிவிடும். இரவுக்கு வேண்டிய மருந்துகள் அவசர டிரேயில் இருக்கும். பாம்புக்கடிக்கான விஷமுறிவு மருந்து குளிர்பெட்டியில் எப்போதும் உண்டு. தேளுக்கென்று டிரேயில் எதுவும் வைத்திருக்கவில்லை. வைக்கவேண்டும் என்று எங்களுக்குத் தோன்றியதும் இல்லை. காரணம், இங்கே தேள் கொட்டி வருகிறவர்களில் பெரும்பாலோர் வலியோடு வந்து, கொட்டிய இடத்தில் ஒரு மரப்பு ஊசி போட்டதும் எழுந்து போகிறவர்கள்.

ஊரில் எல்லோரும் நடுங்குவது நட்டுவாக்காலி என்று சொல்லும் பெரிய கருந்தேளுக்குத்தான். பார்க்கப் பயங்கரமாக இருக்கும். கொட்டினால் உயிர் போகிற மாதிரி வலிக்கும். ஆனால் உயிர் போவது அரிது. உயிரைக் கேட்பது சுண்டுவிரல் நீளத்துக்குச் சிவப்பும் பழுப்புமாக இருக்கும் செந்தேள். அதன் அறிவியல் பெயரிலேயே தமிழ் ஒட்டிக்கொண்டிருக்கிறது: ஹாட்டென்டோட்டா டாமுலஸ். பழைய புத்தகங்களில் மெசோபுத்தஸ் டாமுலஸ் என்று இருக்கும். விறகுக் கட்டு, செங்கல் அடுக்கு, ஓட்டுக் கூரை, வாசலில் கழற்றிப் போட்ட செருப்பு என்று மனிதர் புழங்கும் இடத்திலேயே அதுவும் குடியிருக்கும்.

வீட்டில் நடந்தது

ஏப்ரல் மாதம், நல்ல வெயில் காலம். இரவு 7.20 வாக்கில் ஆறு வயதுப் பெண் குழந்தை, வீட்டுக்குப் பின்னால் சுவரோரம் அடுக்கியிருந்த சவுக்கு விறகில் இரண்டு எடுத்துவரப் போயிருக்கிறாள். வலது பாதத்தில் கொட்டியது. அலறிக்கொண்டு ஓடிவந்தவளைப் பாட்டி தூக்கி உட்காரவைத்து, புளியங்கொட்டையைக் கல்லில் உரசிக் கொட்டிய இடத்தில் ஒட்டியிருக்கிறார். அரை மணி நேரத்தில் வலி குறைந்துவிட்டது. குழந்தையும் அழுகையை நிறுத்திவிட்டாள்.

புளியங்கொட்டை நல்லபடியாக வேலை செய்துவிட்டது என்று வீட்டில் நினைத்ததில் தப்பில்லை. ஆனால் செந்தேள் விஷயத்தில் வலி சட்டென்று அடங்குவது நல்ல அறிகுறி என்று எடுத்துக்கொள்ள முடியாது. விஷம் உடம்பு முழுக்க வேலை செய்யத் தொடங்கிய குழந்தைகள் பலருக்குக் கொட்டிய இடத்தில் வலி பெரிதாக இருப்பதில்லை. கத்திக்கொண்டே வரும் குழந்தையைவிட, கத்துவதை நிறுத்திவிட்டு வேர்த்துக் கிடக்கும் குழந்தையைப் பார்த்துத்தான் நாங்கள் பயப்படவேண்டும்.

7.50க்கு முதல் வாந்தி. உடம்பெல்லாம் வியர்வை. "குளிப்பாட்டி உட்டாப்புல இருந்துச்சும்மா" என்றார் பாட்டி பின்னால். 8.10க்குத் தெருமுனையில் இருந்த ஒரு தனியார் கிளினிக்குக்குக் கொண்டுபோனார்கள். அங்கே இரண்டு ஊசி போட்டார்கள். சீட்டைப் பார்த்தேன்: ஒன்று ஸ்டீராய்டு, இன்னொன்று ஒவ்வாமைக்கான மருந்து. இரண்டும் செந்தேள் விஷத்துக்கு ஒன்றும் செய்யாது. அதைவிட, ஊசி போட்டாயிற்று என்ற நிம்மதியில் ஒரு மணி நேரம் போய்விட்டது. ஆனாலும் அந்த டாக்டரை நான் குறை சொல்லவில்லை. மறுபடியும் வாந்தி எடுத்தால் ஜி.எச்.சுக்குப் போங்கள் என்று சீட்டிலேயே எழுதியிருந்தார். அந்த ஒரு வரியால்தான் அவர்கள் எங்களிடம் வந்தார்கள்.

வந்தபோது கண்டது

9.25க்கு அப்பாவின் பைக்கில், நடுவில் குழந்தையும் பின்னால் பாட்டியுமாக வந்தார்கள். அம்மா கைக்குழந்தையோடு தாய் வீட்டில் இருந்தார். வாசலில் பார்த்த சிஸ்டர், பதிவுச் சீட்டுக்குக் காத்திராமல் நேரே சிவப்பு மண்டலப் படுக்கைக்கு, அதாவது உயிருக்கு ஆபத்தானவர்களுக்கான படுக்கைக்குக் கொண்டுவந்துவிட்டார்.

குழந்தை விழித்திருந்தாள். கூப்பிட்டால் திரும்பினாள். ஆனால் ஓரிடத்தில் படுக்க முடியாமல் புரண்டுகொண்டே இருந்தாள். தலைமுடி நனைந்து நெற்றியில் ஒட்டியிருந்தது. கை முழங்கை வரைக்கும், கால் முழங்கால் வரைக்கும் ஐஸ் மாதிரி. நாடித் துடிப்பு நிமிடத்துக்கு 164, மணிக்கட்டில் நூல் போல. நகத்தை அழுத்திவிட்டால் ரத்தம் திரும்ப நான்கு விநாடி ஆனது. மூச்சு 36. ஆக்சிஜன் அளவு 96. ரத்தச் சர்க்கரை 212. நெஞ்சில் இரண்டு பக்கமும் மூச்சுச் சத்தம் தெளிவாக இருந்தது. பாதத்தில் ஒரு சின்னச் சிவப்புப் புள்ளி. அழுத்தினால்கூட அவள் முகம் சுளிக்கவில்லை.

சர்க்கரை 212 என்பதை எழுதிவிட்டு அடுத்ததுக்குப் போய்விட்டேன். அட்ரினலின் உடம்பில் கொட்டிக்கொண்டிருப்பதற்கு அதுவும் ஒரு தடயம் என்பது அப்போது உறைக்கவில்லை.

முதல் முடிவு, அது தப்பான முடிவு

சில்லிட்ட கைகால், வேகமான மெல்லிய நாடி, நான்கு விநாடி, மூன்று முறை வாந்தி. என் கை தானாக ஷீட்டில் 'ஷாக்' (ரத்த ஓட்டம் போதாத நிலை) என்று எழுதியது. குழந்தைகள் அவசர சிகிச்சைப் பயிற்சியில் எங்களுக்குத் திரும்பத் திரும்பச் சொல்லித்தந்தது ஒன்று உண்டு: குழந்தையின் ரத்த அழுத்தம் கடைசியில்தான் விழும், அதற்காகக் காத்திராதே, கையைத் தொட்டுப் பார், உடனே சலைன் கொடு. வயிற்றுப்போக்கில் வற்றி வரும் குழந்தைக்கு அது சரி. அதை அப்படியே இங்கே பொருத்தினேன்.

எடையும் பார்க்கவில்லை. வயதை இரண்டால் பெருக்கி எட்டைக் கூட்டு என்ற வாய்ப்பாட்டில் 20 கிலோ என்று கொண்டேன். கிலோவுக்கு 20 மில்லி கணக்கில் 400 மில்லி. வென்ஃப்ளான் ஊசிக்குழாய் போட்டதும் 50 மில்லி சிரிஞ்சில் இழுத்து இழுத்துத் தள்ளினோம். பிறகு எடை மெஷினில் நிறுத்தியபோது குழந்தை 16 கிலோதான். எங்கள் பக்கத்துப் பிள்ளைகளுக்கு அந்த வாய்ப்பாடு கொஞ்சம் தாராளம்.

ரத்த அழுத்தம் ஏன் பார்க்கவில்லை என்று கேட்கலாம். பெரியவர்களுக்கான கஃப் (ரத்த அழுத்தம் பார்க்கக் கையில் சுற்றும் பட்டை) மானிட்டரிலேயே தொங்கியது. அதை அந்தக் கையில் சுற்றினால் இரண்டு சுற்று வரும். காட்டும் எண் நிஜத்தைவிடக் குறைவாக இருக்கும். குழந்தைகளுக்கான கஃப் பிள்ளைகள் வார்டுக்குப் போயிருந்தது. உதவியாளர் மாடிக்கு ஓடி எடுத்துவர பத்து நிமிடத்துக்கு மேல் ஆனது. அதற்குள் 180 மில்லி உள்ளே போய்விட்டது.

9.42க்குக் கஃப் சுற்றினோம். 142/100. மெஷின் கோளாறோ என்று இன்னொரு கையில் பார்த்தோம். 140/98. ஆறு வயதுக் குழந்தைக்கு, இரண்டு எண்களில் மேல் எண் நூறையொட்டி இருந்தால் போதும். சிரிஞ்சைக் கீழே வைத்தேன்.

அந்த நேரத்தில்தான் பாட்டியிடம் தேளைப் பார்த்தீர்களா என்று கேட்டேன். முதலிலேயே கேட்டிருக்கவேண்டிய கேள்வி. விரலின் ஒரு கணுவைக் காட்டி, "இத்துனூண்டுதாம்மா, செகப்பா இருந்துச்சு. நட்டுவாக்காலி இல்லன்னுதான் தைரியமா இருந்தோம்" என்றார்.

உள்ளே என்ன நடந்துகொண்டிருந்தது

செந்தேள் விஷம் நரம்புகளின் சோடியம் கதவுகளை மூடவிடாமல் பிடித்துக்கொள்ளும். அதனால் தானியங்கி நரம்புகள் இடைவிடாமல் சுடும். முதலில் வாந்தி, வியர்வை, எச்சில். அதை அடுத்து அட்ரினலின் வகையறா வெள்ளமாக வரும். அது ரத்தக் குழாய்களை உடம்பு முழுக்க இறுக்கிப் பிடிக்கும். கைகால் சில்லிடுவது அந்த இறுக்கத்தால். உடம்பில் நீர் வற்றியதால் மட்டும் அல்ல. இறுகிய குழாய்களை எதிர்த்து ரத்தத்தைத் தள்ளித் தள்ளி இதயம் களைக்கும். அதன் தசையே அட்ரினலினால் அடிபடும். களைத்த இதயத்துக்குப் பின்னால் ரத்தம் தேங்கி நுரையீரலில் நீர் கோக்கும். செந்தேள் கொட்டிய குழந்தைகள் இறப்பது பெரும்பாலும் இப்படித்தான்.

ஆகவே தொட்டுப் பார்க்கும் கைக்கு இரண்டு நிலைகளும் ஒன்றுபோலவே இருக்கும். வற்றிய குழந்தைக்கும் கை சில்லிடும். இறுகிய குழந்தைக்கும் கை சில்லிடும். பிரித்துக்காட்டுவது கஃப் ஒன்றுதான். முதல் சில மணி நேரத்துக்குத்தான் அதுவும். இதயம் முழுக்கக் களைத்துவிட்டால் அழுத்தமும் விழுந்துவிடும், அப்போது இரண்டையும் பிரிப்பது இன்னும் கடினம்.

இறுக்கத்தை அவிழ்க்கும் மருந்து பிராசோசின். ரத்த அழுத்தத்துக்காக வந்த பழைய, மலிவான மாத்திரை. அதைத் தேள்கடிக்குக் கொண்டுவந்தவர் மகாராஷ்டிரத்தின் ராய்கட் மாவட்டத்தில் மகாட் என்ற சிற்றூரில் பணியாற்றிய டாக்டர் ஹிம்மத்ராவ் பவாஸ்கர். கொங்கண் கிராமங்களில் செந்தேள் கொட்டி வந்தவர்களின் படுக்கை அருகே இரவெல்லாம் உட்கார்ந்து குறிப்பெடுத்து, 1986இல் லான்செட் இதழில் எழுதினார். அதற்கு முன்பு, விஷம் ஏறி மருத்துவமனைக்கு வந்தவர்களில் நூற்றுக்கு 30 பேர் வரை இறந்தார்கள். 2022இல் அவருக்குப் பத்மஸ்ரீ கொடுத்தார்கள். இந்தக் கதையை நான் கல்லூரியிலேயே கேட்டிருக்கிறேன், தேர்வில் எழுதியும் இருக்கிறேன். எழுதினவள்தான் அன்று சலைன் தள்ளியவள்.

9.50 முதல் 11.30 வரை

9.50க்கு இருமல் தொடங்கியது. மூச்சு 52, ஆக்சிஜன் 88. ஸ்டெதாஸ்கோப் வைத்தால் நெஞ்சின் இரண்டு அடிப்பக்கமும் உப்பு பொரிவது போன்ற சத்தம். இருபத்தைந்து நிமிடத்துக்கு முன் தெளிவாக இருந்த நெஞ்சு.

நான் ஏற்றிய 180 மில்லிதான் இதற்குக் காரணமா என்று பின்னால் பலரிடம் கேட்டேன். சலைன் ஏற்றாமலும் செந்தேள் கடியில் நுரையீரல் நனையும். ஆனால் திணறும் இதயத்தின் மேல் ஒரு டம்ளர் தண்ணீரைக் கூடுதலாக ஏற்றினேன் என்பதை மறுக்க மாட்டேன். சலைன் எப்போதும் நல்லதே செய்யும் என்ற நம்பிக்கை 2011இலேயே அசைக்கப்பட்டது. உகாண்டா, கென்யா, டான்சானியா நாடுகளில் காய்ச்சலோடு கைகால் சில்லிட்டு வந்த 3,141 குழந்தைகளை வைத்து நடந்த ஆய்வில், வேகமாகத் திரவம் ஏற்றிய இரு குழுக்களில் 48 மணி நேரத்துக்குள் நூற்றுக்குப் பத்தரைக் குழந்தைகள் இறந்தார்கள். ஏற்றாத குழுவில் 7.3. அங்கே நோய் வேறு. சில்லிட்ட கையைப் பார்த்ததும் சலைனைத் திறக்கும் கை மட்டும் ஒன்று.

குழந்தையைச் சாய்த்துப் படுக்கவைத்து, பை வைத்த மாஸ்க்கில் பத்து லிட்டர் ஆக்சிஜன் கொடுத்தோம். 94க்கு வந்தது. நீரை வெளியேற்ற ஃபுரோசமைடு 16 மில்லிகிராம் ரத்தக் குழாய் வழியே. 9.55க்கு 108ஐக் கூப்பிட்டோம்.

பூச்சிமருந்து குடித்தவர்களுக்குக் கொடுக்கும் அட்ரோபினைக் கொடுக்கலாமா என்று சிஸ்டர் கேட்டார். வாந்தி, வியர்வை, எச்சில் என்றதும் பூச்சிமருந்து கேஸ் நினைவுக்கு வருவது இயல்புதான். இங்கே கொடுத்தால் ஏற்கெனவே ஓடும் இதயத்தை இன்னும் ஓடவிடும், ஏறிய அழுத்தம் இன்னும் ஏறும். வேண்டாம் என்றேன். அப்பா வேறொன்று கேட்டார். "மேடம், விஷமுறிவு ஊசி இங்கயே இருக்குன்னு சொல்றாங்களே, அத போட்டுடுங்களேன்." இருந்தது நாகம், கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் ஆகிய நான்கு பாம்புகளுக்கானது. தேளுக்கு அது சொட்டுகூட உதவாது. ஒவ்வாமை வந்தால் கேடுதான். செந்தேளுக்கென்று தனி விஷமுறிவு மருந்து மும்பை ஹாஃப்கைன் நிறுவனத்தில் தயாராகிறது. பவாஸ்கர் குழு அதையும் பிராசோசினையும் சேர்த்து 70 பேரிடம் சோதித்து 2011இல் வெளியிட்டது. சேர்த்துக் கொடுத்த 35 பேரில் 32 பேருக்குப் பத்து மணி நேரத்துக்குள் குணம். பிராசோசின் மட்டும் பெற்ற 35 பேரில் 8 பேருக்கு. அந்த மருந்து எங்களிடம் இல்லை. அதை அப்பாவிடம் நேராகச் சொன்னேன். அவருக்குப் பாதிதான் புரிந்திருக்கும். தலையாட்டிவிட்டு வாசலுக்குப் போய் நின்றுகொண்டார்.

பிராசோசினும் எங்களிடம் இல்லை. மருந்தகத்தில் இருந்ததா என்று தெரிய, பொறுப்பாளர் சாவியோடு வரவேண்டும். அவர் வீடு பக்கத்து ஊரில். குழந்தையின் அப்பாவைச் சீட்டோடு பஸ் ஸ்டாண்டு மெடிக்கலுக்கு அனுப்பினேன். பத்து நிமிடத்தில் வந்தார். கொண்டுவந்தது மெதுவாகக் கரையும் வகை, இரண்டரை மில்லிகிராம். பெரியவர்களின் ரத்த அழுத்தத்துக்குத் தினம் ஒன்று விழுங்கக் கொடுப்பது. அதை உடைத்தால் அதன் மெதுவான கரைதல் கெட்டுப்போகும். உடைக்காமல் குழந்தைக்கு அளந்து கொடுக்க வழியில்லை. திருப்பி அனுப்பினேன். அந்த மனிதரின் முகம் அப்போது போன போக்கை மறக்க முடியாது. இரண்டாவது கடையில் சாதாரண ஒரு மில்லிகிராம் மாத்திரை கிடைத்தது. இப்படிப் போனது முப்பது நிமிடம்.

16 கிலோவுக்கு, கிலோவுக்கு 30 மைக்ரோகிராம் வீதம் 480 மைக்ரோகிராம். ஒரு மாத்திரையைப் பொடித்துப் பத்து மில்லி தண்ணீரில் கலக்கி 4.8 மில்லி. வாந்தியில் வெளியேறிவிடக்கூடாது என்று ஆன்டன்செட்ரான் இரண்டு மில்லிகிராம் போட்டு, மூக்கு வழியாகக் குழாய் விட்டு, அதில் 10.25க்குக் கொடுத்தோம்.

பிராசோசினுக்கு ஒரு குணம் உண்டு. முதல் வேளைக்குப் பிறகு குழந்தையை நிமிர்த்தித் தூக்கினால் அழுத்தம் சரேலென்று விழும். ஆகவே மூன்று மணி நேரம் படுக்கையிலேயே இருக்கவேண்டும். யாரும் இடுப்பில் தூக்கக் கூடாது, சிறுநீர் கழிக்கக்கூட எழுப்பக் கூடாது. நுரையீரலில் நீர் கோத்த குழந்தையோ தலையணை உயர்த்தினால்தான் மூச்சுவிடும். இரண்டையும் சமாளிக்கக் கட்டிலின் தலைப்பக்கத்தை மட்டும் முப்பது டிகிரி உயர்த்தி, கால்களை நீட்டியே வைத்தோம்.

10.40க்கு 134/92. 10.55க்கு 126/86. 11.25க்கு 110/72, கை மணிக்கட்டு வரை வெதுவெதுப்பு வந்திருந்தது. குழந்தை முதல்முறையாக ஆயா எங்கே என்று பாட்டியைக் கேட்டாள்.

எப்போது அனுப்புவது

108 வண்டி 10.35க்கே வந்து நின்றது. மருத்துவக் கல்லூரி மருத்துவமனை ஒன்றேகால் மணி நேர தூரம். உடனே கிளம்பியிருக்கலாம். வண்டி ஓட்டுநர் இரண்டு முறை எட்டிப் பார்த்தார். இங்கே மூச்சுக்கு அழுத்தத்தோடு காற்றுக் கொடுக்கும் சி.பேப் கருவி இல்லை, இதயத்தை ஸ்கேன் செய்யும் எக்கோ இல்லை, குழந்தை நல டாக்டர் இரவில் இல்லை. வைத்திருந்து என்ன செய்யப்போகிறோம் என்ற வாதம் நியாயமானது. இன்னொரு பக்கம், மருந்து வேலை தொடங்குவதற்குள் வண்டியில் ஏற்றினால், அழுத்தம் ஏறிய, நுரையீரல் நனைந்த குழந்தையை வழியில் பார்த்துக்கொள்ள ஒரு சிஸ்டரும் 108 டெக்னீஷியனும் மட்டும்தான். நான் போக முடியாது. போனால் அவசரப் பிரிவில் டாக்டரே இருக்க மாட்டார்.

மருத்துவக் கல்லூரியில் குழந்தைகள் தீவிர சிகிச்சைப் பிரிவுக்குப் போன் செய்தேன். எடுத்த சீனியர் இரண்டு நிமிடம் கேட்டுவிட்டுச் சொன்னார்: "முதல் டோஸ் புடிக்கிறத பாத்துட்டு அனுப்புங்கம்மா. ஆனா டோபுடமின் கலக்கி ரெடியா அனுப்புங்க. இந்தக் குழந்தைங்க ஏறின பி.பி.யோட கிளம்பி, எறங்கின பி.பி.யோட வந்து சேரும்." டோபுடமின் களைத்த இதயத்தைச் சுருங்கவைக்கும் மருந்து. மேல் எண் 90க்குக் கீழே போனால் கிலோவுக்கு நிமிடத்துக்கு 5 மைக்ரோகிராம் தொடங்குவது என்று போனிலேயே முடிவு செய்தோம். வண்டியில் சிரிஞ்ச் பம்ப் இல்லை. எங்களிடம் இருந்த ஒரே பம்ப்பைக் கொடுத்தனுப்பினேன். அன்றிரவு எங்களுக்கு அது தேவைப்படவில்லை. தேவைப்பட்டிருந்தால் என்ன செய்திருப்பேன் என்பதை யோசித்துப் பார்க்க விரும்பவில்லை. 11.30க்கு வண்டி கிளம்பியது.

வழியும் அதற்குப் பிறகும்

வழியில் நடந்ததைச் சிஸ்டர் சொல்லி அறிந்தேன். 12.05 வாக்கில் குழந்தை சிணுங்கியது. பாட்டி வழக்கப்படி மடியில் தூக்கிப்போட இரண்டு கைகளையும் நீட்டிவிட்டார். சிஸ்டர் தடுத்து, "ஆயா, தூக்காதீங்க, தலைய மட்டும் தடவிக் குடுங்க" என்றிருக்கிறார். 12.10க்கு அழுத்தம் 86/48. டோபுடமின் தொடங்கினார். அதற்கு யாரையும் கேட்கவேண்டி இருக்கவில்லை. எண்ணை முன்பே எழுதிக் கொடுத்திருந்தோம். 12.50க்குப் போய்ச் சேர்ந்தபோது 92/54, ஆக்சிஜன் 90.

அங்கே உடனே சி.பேப் வைத்தார்கள். ஈ.சி.ஜி.யில் இதயத் தசை அடிபட்டதற்கான மாற்றங்கள். எக்கோவில் இடது கீழறை சரியாகச் சுருங்கவில்லை. ஒவ்வொரு துடிப்பிலும் அந்த அறை வெளியே தள்ளும் ரத்தத்தின் பங்கான வெளியேற்று அளவு நூற்றுக்கு 35.

1.05க்கு அங்கிருந்து எனக்குப் போன். ரெஃபரல் சீட்டில் பிராசோசின் அளவை எழுதியிருந்தேன், நேரத்தை எழுதவில்லை. அடுத்த வேளை எப்போது என்று அவர்களுக்குத் தெரியவில்லை. 10.25 என்றேன். மூன்று மணி நேரக் கணக்கில் 1.25க்கு அடுத்தது. அப்போது அழுத்தம் தாழ்ந்திருந்ததால் தள்ளிவைத்து, கைகால் மறுபடி சில்லிட்டு அழுத்தம் 106/70 ஆனபின், 2.30க்குக் கொடுத்திருக்கிறார்கள். மொத்தம் மூன்று வேளை.

சி.பேப் 22 மணி நேரம். டோபுடமினைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்து இரண்டாம் நாள் நிறுத்தினார்கள். ஐந்தாம் நாள் எக்கோவில் வெளியேற்று அளவு 55. ஆறாம் நாள் வீட்டுக்கு. மூன்று வாரம் கழித்து எடுத்த எக்கோவில் குறை எதுவும் இல்லை.

மாற்றியவையும் மாற வேண்டியவையும்

அடுத்த வாரம் நாங்கள் ஆறு பேர் உட்கார்ந்து இதைப் பேசினோம். எனக்குச் சலைன்தான் பெரிய தப்பாகத் தெரிந்தது. சிஸ்டர்கள் அப்படிப் பார்க்கவில்லை. கஃப் படுக்கையருகே இருந்திருந்தால் நீங்கள் சலைனைத் திறந்தே இருக்க மாட்டீர்கள் மேடம் என்றார்கள். அவர்கள் சொன்னது சரி.

தேள் கொட்டிய குழந்தைக்கு ரத்த அழுத்தம் பார்க்காமல் வேகமாகத் திரவம் ஏற்றுவதில்லை என்று முடிவு செய்தோம். திரவமே கூடாது என்று இதற்குப் பொருள் இல்லை. வாந்தியிலும் வியர்வையிலும் நிறைய நீர் போகிறது. வாய்வழியே உப்புச் சர்க்கரைக் கரைசல், குடிக்க முடியாவிட்டால் மெதுவான டிரிப் என்று கொடுக்கத்தான் வேண்டும். தள்ளுவதைத்தான் நிறுத்தினோம். எடையை வாய்ப்பாட்டில் ஊகிப்பதையும் நிறுத்தினோம். மெஷின் இப்போது சிவப்பு மண்டலத்திலேயே இருக்கிறது.

அவசர டிரேயில் சாதாரண பிராசோசின் மாத்திரை பத்து. பக்கத்தில் ஓர் அட்டை: ஒரு மாத்திரை, பத்து மில்லி தண்ணீர், கிலோவுக்கு 0.3 மில்லி. இரவு இரண்டு மணிக்கு யாரும் மைக்ரோகிராமைப் பெருக்கிக்கொண்டிருக்க வேண்டியதில்லை. மெதுவாகக் கரையும் வகை வேண்டாம் என்று சிவப்பு மையில் எழுதியிருக்கிறது. செந்தேள் விஷமுறிவு மருந்துக்குக் கேட்டு எழுதியிருக்கிறோம். இதை எழுதும்வரை வரவில்லை.

ரெஃபரல் சீட்டில் ஒவ்வொரு மருந்துக்கும் எதிரே நேரம் எழுத ஒரு கட்டம் போட்டோம்.

கிளினிக் டாக்டரிடம் நானே போய்ப் பேசினேன். குறை சொல்ல வந்திருக்கிறேன் என்று முதலில் நினைத்தார். என் பக்கத்துத் தப்பைச் சொன்ன பிறகு சகஜமானார். இப்போது தேள் கடி குழந்தை வந்தால் கைகாலைத் தொட்டுப் பார்த்து, சில்லிட்டிருந்தால் ஊசி போடாமல் நேரே அனுப்புகிறார்; அனுப்பும் முன் போனும் செய்கிறார்.

மருந்து பிடிக்கும்வரை வைத்திருந்து அனுப்பியது சரிதானா என்று இன்னமும் எங்களுக்குள் வாதம் இருக்கிறது. அதே நிலைமை வந்தால் நான் மறுபடியும் அப்படித்தான் செய்வேன். ஆனால் மாத்திரை கையிலேயே இருந்திருந்தால் 9.55க்குக் கொடுத்து 11 மணிக்கே அனுப்பியிருக்கலாம்.

குழந்தையின் கஃப்பை மறுபடி யாரும் எடுத்துப்போகாமல் இருக்க, மானிட்டர் ஸ்டாண்டோடு சைக்கிள் செயின் போட்டுப் பூட்டியிருக்கிறோம். போன வாரம் பிள்ளைகள் வார்டிலிருந்து கேட்டு வந்த சிஸ்டர், அவிழ்க்க முடியாமல் எங்களைத் திட்டிக்கொண்டே மாடியேறினார். அவர்களுக்கும் ஒன்று வாங்கித்தரச் சொல்லி மறுநாளே எழுதிக்கொடுத்தேன்.